கீழாநெல்லிக்குக் கதவு எண்

கீழாநெல்லி என்று எழுதி எங்கள் ஆய்வகத்துக்கு வரும் கட்டில் உண்மையில் எந்தச் செடி இருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலையின் பெரும்பகுதி. மருந்து தயாரிப்பவர்கள் அனுப்புவார்கள். சித்த மருத்துவ மாணவர்கள் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். சில சமயம் நாங்களே சென்னை ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கி வருவோம். செடி பச்சையாக, பூவும் காயுமாக வந்தால் கைலென்ஸே போதும். காய்ந்து நொறுங்கி, இலை வேறு குச்சி வேறாக வந்தால் டி.என்.ஏ.வைத்தான் கேட்க வேண்டும். டி.என்.ஏ. என்றதும் பதில் தானாக வந்து விழும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் எந்தப் பகுதியைப் படிப்பது என்று முடிவு செய்வதில்தான் இந்தத் தொழிலின் பாதி சூட்சுமம் இருக்கிறது. மீதிப் பாதி ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது.

கீழாநெல்லியின் சிக்கல் பழையது. லின்னேயஸ் 1753-ல் ஃபைலாந்தஸ் நிருரி என்று ஒரு செடிக்குப் பெயரிட்டார். நம் நாட்டு நூல்கள் வெகுகாலம் வயல் வரப்பில் முளைக்கும் கீழாநெல்லியை அந்தப் பெயரிலேயே எழுதி வந்தன. இப்பேரினத்தையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட அமெரிக்கத் தாவரவியலாளர் கிராடி வெப்ஸ்டர், உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று 1950களில் தெளிவாக்கினார். இந்தியாவில் நிருரி என்று சொல்லப்படுவது அமாரஸ், ஃப்ரடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று சிற்றினங்களின் கலவை என்று மித்ராவும் ஜெயினும் 1985-ல் பிரித்துக் காட்டினார்கள். இவற்றில் டெபிலிஸுக்குத் தமிழ் மண்ணோடு நேரடித் தொடர்பு உண்டு. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் மருத்துவராக இருந்த க்ளைன் சேகரித்துப் பெயரிட்டதை வைத்து, பெர்லினில் இருந்த வில்டனோ 1805-ல் அதைப் பதிப்பித்தார். அதனால்தான் அதன் முழுப்பெயரில் இன்றும் க்ளைன் பெயர் நிற்கிறது.

மூன்றும் நின்ற நிலையில் ஒன்றுபோல் இருக்கும். நடுத்தண்டில் இலை இருக்காது, சிறு செதில்தான் இருக்கும். பக்கக் கிளைகளில் இரண்டு வரிசையாக இலைகள் அடுக்கியிருப்பதால் ஒவ்வொரு கிளையும் ஒரு கூட்டிலை என்று கண்ணை ஏமாற்றும். இலைக்கடியில் காய் தொங்கும். லென்ஸை வைத்தால் வேறுபாடு தெரியும். அமாரஸ் பூவில் இதழ்கள் ஐந்து. மற்ற இரண்டிலும் ஆறு. அமாரஸில் ஒரே கணுவில் ஆண்பூ ஒன்றும் பெண்பூ ஒன்றும் சோடியாக நிற்கும். டெபிலிஸில் கிளையின் அடிப்பக்கக் கணுக்களில் ஆண்பூக்கள் கூட்டமாகவும், நுனிப்பக்கத்தில் பெண்பூக்கள் தனித்தனியாகவும் வரும். சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் யூரினேரியாவின் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் விதையில் குறுக்குவாட்டில் மேடுகள் ஓடும். அமாரஸ் விதையில் நெடுக்குவாட்டில். மேலாநெல்லி என்கிற மதராஸ்படென்சிஸில் நடுத்தண்டிலும் இலை உண்டு. இத்தனையும் பூவும் காயும் விதையும் கையில் இருந்தால் மட்டுமே.

வேர் எது இலை எது என்று தெரியாத தூளில் இவற்றைப் பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியை நாட்பட்டுச் சுமந்தவர்களுக்கு அமாரஸ் தூளை 30 நாள் கொடுத்துப் பார்த்த முடிவு லான்செட் இதழில் வந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது; போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல காரணங்கள் பேசப்பட்டன. செடி விளைந்த இடமும், அது எந்தச் சிற்றினம் என்பதும் அவற்றில் அடக்கம். ஃபைலாந்தின், ஹைப்போஃபைலாந்தின் என்ற வேதிப்பொருள்கள் அமாரஸில் மிகுதி. அதன் சொந்தக்காரச் செடிகள் பலவற்றில் அற்பம். பெயர் உறுதியாகாத செடியை வைத்துச் செய்த சோதனை வென்றாலும் தோற்றாலும், எந்தச் செடியைப் பற்றிய முடிவு அது என்று சொல்ல வழியில்லை.

சந்தை நிலவரமும் தெரியாததல்ல. தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை ஆராய்ந்த கட்டுரை 2010-ல் வெளிவந்தது. 76 விழுக்காட்டுக் கடைகளில் கிடைத்தது பெரும்பாலும் அமாரஸ். மீதியில் டெபிலிஸ், ஃப்ரடெர்னஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ், கோழிக்கோட்டின் பெயர்கொண்ட கோழிக்கோடியானஸ் என்று ஐந்து சிற்றினங்கள் இருந்தன. அவற்றை டி.என்.ஏ. கொண்டு உறுதிப்படுத்தக் கட்டுரையாளர்கள் தேர்ந்தெடுத்தது பசுங்கணிகத்தின் ஒரு சிறு துண்டு. ஏன் அந்தத் துண்டு என்பதிலிருந்து என் தொழிலைச் சொல்லலாம்.

செடியின் செல்லுக்குள் டி.என்.ஏ. மூன்று இடங்களில் இருக்கிறது: உட்கருவில், மைட்டோகாண்ட்ரியாவில், பசுங்கணிகத்தில். பசுங்கணிக டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் எழுத்து நீளம். அதில் ஆர்பிசிஎல் என்றொரு மரபணு உண்டு. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் நொதியின் பெரும்பகுதியை உண்டாக்குவது அது. அதில் எழுத்து மாறினால் செடி பிழைப்பது கடினம். அதனால் அது மிக மெதுவாகவே மாறும். 1993-ல் சேஸும் கூட்டாளிகளும் 499 விதைத் தாவரங்களின் ஆர்பிசிஎல் வரிசைகளை ஒப்பிட்டு, குடும்பங்களின் உறவு மரத்தையே திருத்தி எழுதினார்கள். கீழாநெல்லியும் நெல்லியும் ஆமணக்குக் குடும்பத்திலிருந்து பிரிந்து ஃபைலாந்தேசியே என்ற தனிக் குடும்பமாக நிற்பது அந்த வழியில் வந்த மாற்றம்தான். ஆனால் அதே ஆர்பிசிஎல்லை நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்கக் கேட்டால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்தில் வேறுபாடு மிகக் குறைவாகத்தான் இருக்கும். ஊர் தெரிந்தால் போதும் என்றால் அஞ்சல் குறியீட்டு எண் போதும். வீடு தெரிய வேண்டுமென்றால் கதவு எண் வேண்டும். நெருங்கிய சொந்தக்காரச் செடிகளுக்குக் கதவு எண் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவதே எங்கள் வேலை.

விலங்குகளுக்கு இந்தத் தேடல் எளிதாக முடிந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுத் துண்டே போதும் என்று ஹெபர்ட் 2003-ல் சொன்னார். செடிகளில் மைட்டோகாண்ட்ரியாவின் எழுத்துகள் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. ஆகவே ஆளுக்கொரு பகுதியை முன்வைத்தார்கள். 2009-ல் பன்னாட்டுக் குழு ஒன்று ஆர்பிசிஎல்லையும் மேட்கே என்ற இன்னொரு பசுங்கணிக மரபணுவையும் சேர்த்து, சிற்றினத்தை அடையாளம் காட்டும் பொதுவான பார்கோடாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. அவர்கள் கணக்கிலேயே அந்தச் சோடி பிரித்துக் காட்டியது 72 விழுக்காடு சிற்றினங்களை. எஞ்சிய 28-ல்தான் எங்களிடம் வரும் கட்டுகள் பெரும்பாலும் இருக்கும். மேட்கே சற்று வேகமாக மாறும், அது நல்லது. ஆனால் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டு ஒட்டும் இடமும் சேர்ந்து மாறிவிடுவதால் ஒரு குடும்பத்தில் வேலை செய்த பிரைமர் அடுத்த குடும்பத்தில் எதையும் நகலெடுக்காமல், பட்டை விழாத வெறும் ஜெல்லைக் காட்டும்.

2010-ல் சந்தைக் கீழாநெல்லிக்குப் பயன்பட்டது டிஆர்என்ஹெச், பிஎஸ்பிஏ என்ற இரண்டு மரபணுக்களுக்கு நடுவில் கிடக்கும் வெற்றிடம். எந்தப் புரதத்துக்கும் குறிப்பு எழுதாத இடம் என்பதால் அங்கே எழுத்து மாறினாலும் விடுபட்டாலும் செடிக்குப் பெரிய நட்டமில்லை. மாற்றம் சேர்ந்துகொண்டே போகும். பகுதி சிறியது, இருபுறமும் பிரைமர் உறுதியாக ஒட்டும், காய்ந்த இலையிலும் எடுக்கலாம். அதற்கான குணக்கேடும் உண்டு. 'ஏ' எழுத்து வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு முறை வரும் இடத்தில், எழுத்துகளைப் படிக்கும் கருவியான சீக்வென்சர் தடுமாறும். அதற்கப்பால் வரைபடம் குழம்பிவிடும். எதிர்த்திசையிலிருந்தும் ஒருமுறை படித்தால்தான் முழுவரிசையும் கிடைக்கும்.

இன்னொரு குணக்கேடு புதியவர்களை நன்றாகவே ஏமாற்றும். ஒரே வரப்பில் எடுத்த இரண்டு செடிகளின் வரிசைகளை அடுக்கி வைத்தால், மற்ற எல்லா இடமும் பொருந்தி, ஓரிடத்தில் மட்டும் இருபது எழுத்து போல அடுத்தடுத்து முரண்படும். பத்துப் பதினைந்து வேறுபாடு, ஆகவே வேறு சிற்றினம் என்று மென்பொருள் சொல்லும். அந்தத் துண்டை மட்டும் தலைகீழாகத் திருப்பி, ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று எதிர் எழுத்தாக மாற்றிப் படித்துப் பாருங்கள். அச்சு அசலாகப் பொருந்தும். அங்கே நடந்தது ஒரே ஒரு நிகழ்வு: அந்தத் துண்டு வளையமாக மடிந்து புரண்டிருக்கிறது. இதை ஜென்ஷியன் குடும்பச் செடிகளில் 2010-ல் விரிவாகக் காட்டினார்கள். ஒரே சிற்றினத்தின் இரு செடிகளுக்குள்ளேயே இப்படிப் புரளும். வரிசைகளைக் கண்ணால் பார்க்காமல் மென்பொருளிடம் விட்டுவிடுபவர்கள் இல்லாத சிற்றினங்களை உண்டாக்குவது இந்த இடத்தில்தான்.

பசுங்கணிகத்தில் படிக்கத்தக்க இடைவெளிகள் வேறு பலவும் உண்டு. ஷாவும் கூட்டாளிகளும் 2005-ல் 21 பகுதிகளை ஒன்றோடொன்று ஓடவிட்டுப் பார்த்து, கட்டுரைக்கு ஆமையும் முயலும் என்றே தலைப்பு வைத்தார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் முயலாக ஓடும் பகுதி எதுவும் கிடையாது என்பது அதன் சாரம். அதனால் புதிய பேரினம் ஒன்று கைக்கு வந்தால், முதலில் நாலைந்து செடிகளில் பல பகுதிகளையும் பரீட்சித்து, எது வேறுபாட்டைக் காட்டுகிறதோ அதில் மட்டும் பணத்தைப் போடுவோம்.

உட்கருவில் எங்களுக்குப் பெரிதும் கைகொடுப்பது ஐடிஎஸ். புரதம் செய்யும் ரைபோசோமுக்கான மூன்று மரபணுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுக்கு இடையே இரண்டு இடைவெளிகள், நடுவில் 5.8 எஸ் என்ற சிறு மரபணு. எல்லாம் சேர்ந்து அறுநூறு, எழுநூறு எழுத்து. நகலெடுத்த பிறகு செல் அந்த இடைவெளிகளை வெட்டி எறிந்துவிடுகிறது. ஆகவே அங்கே மாற்றம் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. இந்த அடுக்கு உட்கருவில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப இருப்பதால் பழைய இலையிலும் அகப்படும். நெருங்கிய சிற்றினங்களைப் பிரிப்பதில் பசுங்கணிகத் துண்டுகளைவிட இது பெரும்பாலும் கூடுதல் வேறுபாட்டைக் காட்டும். சீனத்துக் குழு 2011-ல் இதையும் பார்கோடில் சேர்க்கச் சொன்னது அதனால்தான். கடைச் சரக்கு மிகவும் சிதைந்திருந்தால் ஐடிஎஸ்2 என்ற பாதித் துண்டை மட்டும் எடுப்போம்.

இவ்வளவும் டி.என்.ஏ. கையில் வந்த பிறகு. கீழாநெல்லியிலிருந்து அதை எடுப்பது தனிக்கதை. செடி முழுக்கத் துவர்ப்புப் பொருள், கூடவே வழவழப்பு. நாங்கள் இன்றும் நம்புவது டாயில் என்ற பெயருடைய இருவர் 1987-ல் எழுதிவைத்த சி-டேப் முறையை. திரவ நைட்ரஜன் ஊற்றி இலையைக் கல்வத்தில் அரைத்து, 65 டிகிரியில் சூடாயிருக்கும் கரைசலில் போடுவோம். அதில் சேர்க்கும் மெர்காப்டோ எத்தனாலின் அழுகல் நாற்றம் சட்டையோடு வீடுவரை வரும். பிறகு குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கிச் சுழலியில் வைத்தால் மூன்று அடுக்காகப் பிரியும்: அடியில் குளோரோஃபார்ம், நடுவில் வெள்ளை ஆடை, மேலே நமக்கு வேண்டிய நீர். மேல் நீரை மட்டும், ஆடை கலங்காமல், பிப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். கைப்பழக்கம் தெரிவது இங்கேதான். அதில் குளிர்ந்த ஐசோப்ரொப்பனால் விட்டால் இழையாக டி.என்.ஏ. திரளும். நிறமில்லாமல் இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் துவர்ப்பும் சேர்ந்து இறங்கிவிட்டது; பிசிஆரில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி அதைக் கண்டதும் வேலை நிறுத்தம் செய்யும்.

அப்படி நின்றுவிட்டால் புதியவர்கள் இன்னும் நிறைய டி.என்.ஏ. சேர்ப்பார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: பத்து மடங்கு, தேவையானால் நூறு மடங்கு தண்ணீரில் நீர்க்கச் செய்ய வேண்டும். டி.என்.ஏ. குறைந்தாலும் பரவாயில்லை, அதைவிடக் கூடுதலாகத் தடைப்பொருள் குறையும். ஜெல்லில் பட்டை விழும்.

பட்டை விழுந்ததாலேயே அது செடியுடையது என்று ஆகிவிடாது. ஐடிஎஸ்சுக்கு உலகமே பயன்படுத்தும் பிரைமர்கள் 1990-ல் பூஞ்சைகளுக்காக உருவாக்கப்பட்டவை. அவை செடியிலும் ஒட்டும், பூஞ்சையில் இன்னும் மகிழ்ச்சியாக ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோணிச் சாக்கில் கிடந்த மூலிகையை எடுத்துவந்து படித்து, வரிசையைப் பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டு மென்பொருளில் போட்டால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பதில் வரும். கடைக்காரர் கீழாநெல்லிதான் விற்றார். நாங்கள் படித்தது அதன்மேல் வளர்ந்த பூசணத்தை. அதனால் கடைச் சரக்குக்குச் செடிகளில் மட்டும் ஒட்டும்படி செய்த பிரைமர்களை வைத்துக்கொள்கிறோம்.

சீக்வென்சரிலிருந்து வருவது நான்கு நிறக் கோடுகள் கொண்ட வரைபடம்: ஏ பச்சை, சி நீலம், ஜி கறுப்பு, டி சிவப்பு. முதல் முப்பது நாற்பது எழுத்து குப்பை, தள்ளிவிடலாம். அதற்கப்புறம் மேடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாக நிற்க வேண்டும். நான் எப்போதும் தேடுவது ஓரிடத்தில் இரண்டு நிற மேடு ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறதா என்பதைத்தான். பசுங்கணிகத் துண்டில் அப்படி வந்தால் பெரும்பாலும் இரண்டு செடி கலந்திருக்கிறது. ஐடிஎஸ்சில் வந்தால் வேறு கதை இருக்கலாம்: அந்தச் செடியின் தாயும் தகப்பனும் வேறுவேறு சிற்றினமாக இருக்கலாம்.

இதற்கு வாழையைவிட நல்ல பாடம் கிடையாது. பூச்செடிகளில் பெரும்பாலானவற்றில் பசுங்கணிகம் தாய்வழியே வருகிறது. அதை மட்டும் படித்தால் தாய் யார் என்று தெரியும், தகப்பனைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவை அக்யூமினாட்டா, பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழைகளின் வழிவந்தவை. முன்னதன் மரபணுத் தொகுதியை ஏ என்றும் பின்னதை பி என்றும் சொல்வார்கள். ஏலக்கி ஏபி, ரஸ்தாளி, பூவன், விருப்பாட்சி ஏஏபி, மொந்தன், கற்பூரவல்லி ஏபிபி. சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 1955-ல் பதினைந்து வெளிப்புற அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு இதைக் கணித்தார்கள். இன்று ஐடிஎஸ்சை எடுத்து ஆர்எஸ்ஏ1 என்ற வெட்டு நொதியைப் போட்டால், ஏ தொகுதியிலிருந்து 530 எழுத்து நீளத் துண்டும், பி தொகுதியிலிருந்து 350, 180 என்று இரண்டு துண்டுகளும் கிடைக்கும். ரஸ்தாளியை ஓட்டினால் மூன்று பட்டையும் ஒரே ஓடையில் தெரியும். இரு பெற்றோரும் ஒரே ஜெல்லில் கண்முன் நிற்பார்கள். வாழைக்கு இன்னொரு விசேஷமும் உண்டு: அதன் பசுங்கணிகம் தாயிடமிருந்தும், மைட்டோகாண்ட்ரியா தகப்பனிடமிருந்தும் வருகிறது. மூன்று தொகுதிகளையும் சேர்த்துப் படித்தால் யார் தாய், யார் தகப்பன் என்றே எழுதிவிடலாம்.

அதனால்தான் ஒரு பகுதியின் மரத்தை மட்டும் வைத்து உறவு சொல்ல நாங்கள் துணிவதில்லை. பசுங்கணிக மரமும் ஐடிஎஸ் மரமும் ஒன்றையே சொன்னால் நிம்மதி. இரண்டும் முரண்பட்டால், பலரும் செய்வதுபோல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே மரமாக வரைந்துவிடக் கூடாது. முரண்பாடே ஒரு செய்தி. கலப்பு நடந்திருக்கலாம். அல்லது சிற்றினங்கள் சமீபத்தில் பிரிந்ததால் பழைய வேறுபாடுகள் இன்னும் இரு பக்கமும் கலந்தே கிடக்கலாம். கிளையின்மேல் போடும் பூட்ஸ்ட்ராப் எண்ணையும் கவனித்துப் படிக்க வேண்டும். 1985-ல் ஃபெல்சன்ஸ்டைன் உறவு மரத்துக்குக் கொண்டுவந்த அந்த எண், கையிலிருக்கும் எழுத்துகள் அந்தக் கிளையை எவ்வளவு உறுதியாகத் தாங்குகின்றன என்பதை மட்டும் சொல்லும். எடுத்த செடியே தவறு என்றால் தவறான மரத்துக்கும் நூற்றுக்கு நூறு வரும்.

சரியான பகுதிகளைச் சரியாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கீழாநெல்லிக் குடும்பமே சாட்சி. இலங்கையைச் சேர்ந்த ஹஷேந்திரா கத்ரியாரச்சியும் கூட்டாளிகளும் ஐடிஎஸ், மேட்கே இரண்டையும் படித்து 2006-ல் வெளியிட்ட மரத்தில், ஃபைலாந்தஸ் ஒரே பேரினமாக நிற்கவில்லை. மல்டிவைட்டமின் கீரை என்று வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கிறோமே, அந்த சாரோபஸும், பிரெய்னியா, குளோகிடியான் என்ற வேறு பேரினங்களும் அதன் கிளைகளுக்குள்ளேயே முளைத்திருந்தன. 2022-ல் ஐரோப்பிய, ஆஸ்திரேலிய, கியூபா ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு இப்பெரும் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்து வகைப்பாடு வெளியிட்டது. பாடப்புத்தகங்கள் அதைப் பின்பற்றக் காலம் பிடிக்கும்.

இன்று முழுப் பசுங்கணிகத்தையும் ஒரே ஓட்டத்தில் படிக்க முடிகிறது. பூக்கும் தாவரங்கள் அனைத்துக்கும் பொதுவான 353 உட்கரு மரபணுக்களைப் பிடித்துப் படிக்கும் பொறியைக் கியூ தோட்டத்தை மையமாகக் கொண்ட குழு 2019-ல் கொண்டுவந்தது. பல மூலிகை கலந்த சூரணத்தில், நான் இதுவரை சொன்ன, ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் படிக்கும் சாங்கர் முறை குழம்பிப்போகும். அங்கே லட்சக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியாகப் படிக்கும் புதிய கருவிதான் வேலை செய்யும். காய்ச்சிய கஷாயம் வந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவோம், கொதித்ததில் டி.என்.ஏ. பொடிப்பொடியாகியிருக்கும். கருவி எவ்வளவு மாறினாலும் ஒரு கேள்வி மாறவில்லை: கிடைத்த வரிசையை எதனோடு ஒப்பிடுவது?

டி.என்.ஏ. வரிசைகளின் பொதுக் களஞ்சியமான ஜென்பேங்கில் ஒப்பிடலாம் என்பது முதல் பதில். அங்கே ஃபைலாந்தஸ் நிருரி என்று இந்தியாவிலிருந்து ஏற்றிய வரிசைகளைப் பாருங்கள். இந்தியக் களையை நிருரி என்றே எழுதிய பழக்கம் இன்றும் போகவில்லை. அந்தச் செடி அமாரஸா, டெபிலிஸா என்று கேட்டால் பதில் சொல்ல ஒரே வழி, அந்த இலை கிள்ளப்பட்ட செடியைப் பார்ப்பது. உலர்த்தித் தாளில் ஒட்டி, எண் கொடுத்து, ஒரு ஹெர்பேரியத்தில் வைத்திருந்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் 99.8 விழுக்காடு பொருந்துகிறது என்ற பிளாஸ்ட் முடிவு, அடையாளம் தெரியாத ஒன்றோடு நம் செடி பொருந்துகிறது என்பதைத்தான் சொல்கிறது.

ஒப்பிடுவதற்கான செடிகளை நாங்களே சேகரிக்கத் திருநெல்வேலிப் பக்கம் போவதுண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் நெல் அறுத்த பிறகு வரப்பிலும் வயலிலும் இந்தச் செடிகள் ஏராளம். களை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், நான் பிடுங்கியதைப் பார்த்துவிட்டு, "இது செவப்புல்லா சார். மருந்துக்குன்னா அதுகிட்ட போகாதிய" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "காயத் தடவிப் பாருங்க, சொரசொரங்கும். நல்லது வழவழன்னு இருக்கும்." கட்டைவிரலால் தடவிக் காட்டினார். யூரினேரியாதான். அவர் சொன்ன அடையாளம் வெப்ஸ்டரின் விவரிப்பிலும் இருக்கிறது. அந்த அம்மா பறித்துக் கொடுத்த சரக்கு கடைக்குக் கலக்காமல் வந்து சேர்ந்தால் எங்களுக்குப் பாதி வேலை இல்லை. கலப்பது இடையில்: பல ஊர்ச் சரக்கு ஒரே சாக்கில் சேரும்போது, பூ விடுமுன் அவசரத்தில் பிடுங்கும்போது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான். டி.என்.ஏ.வுக்கு இலையைக் கிள்ளுமுன் அதே செடியை வேரோடு எடுத்து, கிளையில் அடிக்கணுவும் நுனிக்கணுவும் தெரியும்படி, பூவும் காயும் விதையும் இருக்கும்படி, செய்தித்தாளில் அழுத்தி வையுங்கள். இலைத் துண்டை சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். இரண்டிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். ஊர், நாள், நிலம், பறித்தவர் பெயர், அந்த ஊர்க்காரர் சொன்ன பெயர் எல்லாம் எழுதுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே உள்ளவர்களிடம் காட்டிப் பெயரை உறுதி செய்து, தாளை ஒப்படைத்து, கொடுக்கும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஜென்பேங்கில் வரிசையை ஏற்றும்போது அந்த எண்ணையும் சேர்த்து ஏற்றுங்கள். பிறகு எந்தப் பகுதியைப் படிப்பது என்று பேசலாம். ஹெர்பேரிய எண் இல்லாத வரிசையை, அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும், எங்கள் ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்கு எடுப்பதில்லை.